பாவில் கஞ்சி, பல்லில் காரை

உங்கள் அம்மாவின் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது என்பது முதலில் ஒரு நூலில்தான் தெரிந்தது. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டதும், நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பல்லால் கடித்துத் துண்டாக்குவது அவள் வழக்கம். கத்தரிக்கோல் தறிக்குப் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கும். அதை எட்டி எடுக்கும் நேரத்தில் அவள் இன்னொரு முடிச்சே போட்டுவிடுவாள். அன்றைக்குக் கடித்தாள், நூல் அறவில்லை. மறுபடியும் கடித்தாள். பிறகு விரலைப் பல்லில் வைத்து லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். நான் எதிர்த் தறியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறி ஓடும்போது பேச்சு கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அவள் உதடு "ஆடுதுங்க" என்றது. பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். ஒரு பல் இல்லை, இரண்டு.

அந்த இரண்டு பல்லும் நிற்குமா, போய்விடுமா என்பதுதான் அடுத்த நாலைந்து மாதமும் இந்த வீட்டில் கேள்வி. உங்களில் ஒருத்தி அப்போது எட்டாவது, ஒருவன் ஐந்தாவது. அம்மாவுக்குப் பல்வலி என்று மட்டும் உங்களுக்குச் சொன்னோம். உண்மையில் வலியே கிடையாது. வலி இருந்திருந்தால் முன்பே எங்கேயாவது போயிருப்போம். வலிக்காமல் போகிற காரியம் என்பதால்தான் இதை உங்களுக்காக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பல் அந்த நிலைமைக்கு வந்ததில் என் வாய்ச்சொல்லுக்கும் பங்கு இருக்கிறது. அதை உங்கள் அம்மா யாரிடமும் சொன்னதில்லை. நானாவது சொல்ல வேண்டும்.

ஜலகண்டாபுரத்துக்கு வெளியே நமக்கு நாலு விசைத்தறி. துண்டு நெய்கிறோம். இப்போது நீங்களே எல்லாம் பார்க்கிறீர்கள், விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பழக்கம் இப்போது நம் கூடத்தில் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தால், நூல் சுற்றிய புதிய தார்க்குச்சியைப் போட்டு, நூல் நுனியை நாடாவின் ஓரத்துத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும் அல்லவா? அப்போதெல்லாம் துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு. நூல் நாக்குக்கு வந்துவிடும். நான் உறிஞ்சிய நாடாவை அவள் உறிஞ்சுவாள், அவள் உறிஞ்சியதை நான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை. வாயெல்லாம் பஞ்சு. நடுவில் டீ, வறுக்கி, மறுபடியும் நாடா. வாயைக் கொப்பளிக்கலாம் என்ற நினைப்புக்கூட வராது.

பல் தேய்ப்பது காலையில் ஒரே தடவை. சிவப்புப் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் முன்பக்கம் இரண்டு இழுப்பு, கடைவாயில் ஒரு இழுப்பு. பல்லின் உள்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே நாங்கள் நடந்துகொண்டதில்லை. விரலும் அங்கே போகாது. அதோடு, பொடியே சிவப்பு. துப்பினால் எச்சில் சிவப்பாக வரும். அதில் பொடி எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்?

ஒருநாள் பொடி தீர்ந்துபோய் உங்கள் வெள்ளைப் பேஸ்டை எடுத்துத் தேய்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. துப்பியதைக் காட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாருங்க. பேஸ்டு வெள்ளையாத்தான இருக்குது?"

"பிரஷ்ஷு குத்தியிருக்கும்."

"குத்தற அளவுக்கு நான் எங்கீங்க தேய்ச்சேன்?"

அன்றிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டுவிட்டாள். புண்ணான இடத்தில் போய்த் தேய்த்தால் எப்படி ஆறும் என்பது அவள் கணக்கு. எனக்கும் சரியென்றே பட்டது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் இருப்பதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

இது நூல் அறாமல் போவதற்கு இரண்டு வருஷம் முந்தைய கதை. அதே சமயத்தில்தான் உங்கள் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாம் போட்டார்கள். பெற்றோரும் காட்டலாம் என்றார்கள். படித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் டாக்டர், சின்னக் கண்ணாடியை வைத்து உங்கள் அம்மா வாயைப் பார்த்துவிட்டு, "ஈறை ஒட்டிக் காரை நிறையப் படிஞ்சிருக்கு, உடனே சுத்தம் பண்ணிக்குங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தோம். கீழ்ப்பல் அடியில் மஞ்சளாக ஒரு வரம்பு கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. கல்லாக இருந்தது.

நம் தறிகளைப் பழுது பார்க்க வருவாரே ஒரு பிட்டர், சங்ககிரிப் பக்கத்து ஆள், அவர் அன்றைக்குக் கூடத்தில் இருந்தார். சீட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"அடப் போங்கண்ணா. நானும் போயிச் சுத்தம் பண்ணீட்டு வந்தவந்தான். ஊடு வந்து சேர்றதுக்குள்ள பல்லுக்குப் பல்லு ஜன்னல் வெச்ச மாதர ஆயிப்போச்சு. காத்து இக்கட்ட பூந்து அக்கட்ட போவுது."

"அப்ப இனிக் கரண்டு போனாலும் உங்களுக்கு வேர்க்காதுங்க" என்றாள் உங்கள் அம்மா.

"சிரிக்காதீங்கக்கா. பச்சத்தண்ணி குடிச்சாப் பல்லு வேரு வரைக்கும் கூசுது. நல்லா கெடந்த பல்லு, அவுங்க அந்த மெசினை வெச்சு உலுப்பி உட்டுட்டாங்க. இப்ப எல்லாம் ஆடுது."

அப்போது நான் ஒன்று சொன்னேன். எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது.

"பாவுக்குக் கஞ்சி எதுக்குப் போடறாங்க? வெறும் நீட்டு நூலு தறியில ஓடுமா? ஓடாது, பிசிறு கெளம்பி அறுந்துபோவும். கஞ்சி புடிச்சு நிக்கறதாலதான் பாவு தாங்குது. பல்லுக்கும் வயசானா அப்படித்தானாட்ட இருக்குது. அது ஒரு கஞ்சி. பல்லைச் சேர்த்துப் புடிச்சிருக்குது. அதப் போயி எடுத்தா நிக்குமா?"

பிட்டர், "அதான், அதேதான்" என்று தொடையில் தட்டினார். உங்கள் அம்மா சீட்டை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தாள். அதன் பிறகு அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பத்தாவதோடு நின்றவன் நான். ஆனால் கையால் தொட்ட காரியத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். பாவையும் கஞ்சியையும் இருபது வருஷமாகத் தொடுகிறேன். கஞ்சியைத் தெரிந்ததால் பல்லும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அதில்தான் தவறு. அந்த இரண்டு வருஷமும் மஞ்சள் வரம்பு ஈறுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தினமும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் பேசினேன். பல் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. ஈறு மேலும் சிவந்து, பல் கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததைக் கூடப் பார்த்தேன். நீளமாகத் தெரிகிறதே என்று யோசிக்கவில்லை.

பல் ஆடிய மறுநாள் நாலு தறியையும் நிறுத்திவிட்டுத் தாரமங்கலம் வழி பஸ் ஏறி சேலம் போனோம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அம்மா டாக்டர். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போனார். மூணு, நாலு, நாலு. கீழ் முன்பல்லுக்கு வந்ததும் ஏழு, எட்டு என்றார். கம்பி அவ்வளவு தூரம் உள்ளே போகிறது, அதாவது அவ்வளவு தூரம் ஈறு பல்லை விட்டு விலகிவிட்டது, மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தால் சரி என்று பிறகு விளக்கினார்.

"இந்த ரெண்டுக்கும் சுத்தி எலும்பு ரொம்பக் கரைஞ்சிருக்கு. எதுக்கும்மா இவ்ளோ நாள் விட்டீங்க? யாரும் சுத்தம் பண்ணச் சொல்லலையா?"

உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. சாய்ந்தபடியே மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, "சொன்னாங்க. பண்ணினா பல்லு ஆடும்னு அக்கம்பக்கத்துல பேசிக்கிட்டாங்க, அதான் உட்டுட்டமுங்க" என்றாள்.

அக்கம்பக்கம் அவளுக்கு மூன்றடி தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. இப்படி நினைக்கிறவர்கள் நிறையப் பேர் என்றார். பிறகு சாயம் மாதிரி ஒன்றைப் பஞ்சில் நனைத்து உங்கள் அம்மா பல்லில் தடவிக் கொப்பளிக்கச் சொன்னார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பல்லெல்லாம் ரோஸ். நடுப்பகுதியில் லேசாக, ஈறு ஓரத்திலும் இரண்டு பல் சேரும் சந்திலும் அடர்த்தியாக.

"காலைல தேய்ச்சுட்டுத்தாங்க வந்தேன்" என்றாள் இவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"தேய்ச்சிருக்கீங்க. தேய்ச்ச எடத்துல சாயம் நிக்கல பாருங்க. விட்ட எடத்துலதான் நிக்குது. இதுதான் பிளேக். படலம்னு வெச்சுக்குங்க. சோறு ஒட்டியிருக்கறது இல்லம்மா இது. கிருமிங்க கூட்டமா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக் குடியிருக்கற படலம். நம்ம சாப்பிடற இனிப்பு, மாவு எல்லாந்தான் அதுக்கும் சாப்பாடு. அது தின்னுட்டு விடற புளிப்புதான் பல்லை அரிக்குது. ஈறு ஓரத்துல இருந்தா ஈறு வீங்கும், தொட்டா ரத்தம் வரும்."

"தெனமும் வருமுங்களா?"

"நீங்க எவ்ளோ சுத்தமா தேய்ச்சாலும் சில மணி நேரத்துல மறுபடி கட்ட ஆரம்பிச்சுரும். எனக்கும் கட்டும். வராம பண்ண முடியாது. தெனமும் எடுக்கத்தான் முடியும்."

ஒரு சின்னப் பிரஷ்ஷை எடுத்து ஓரத்தில் சாய்த்து வைத்து நாலு தடவை அசைத்தார். ரோஸ் போய்விட்டது. "பாத்தீங்களா, எவ்ளோ மெத்துனு வருது? இதை விட்டுட்டா, ஒரு நாள் ரெண்டு நாள்லயே எச்சில்ல இருக்கற சுண்ணாம்பைப் புடிச்சு இறுக ஆரம்பிக்கும். இறுகிட்டா இதுதான்" என்று அந்த மஞ்சள் வரம்பை அதே பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினார். அது அசையவில்லை. "காரை ஆனதுக்கு அப்புறம் வீட்டுல எதைப் போட்டுத் தேய்ச்சாலும் வராது. உப்பு, கரி, செங்கல் பொடின்னு தேய்ச்சா பல்லுதான் தேயும். கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி எச்சில் வந்து தேங்கற எடம், அங்கதான் சீக்கிரம் கட்டும்."

எனக்கு அப்போது தறியின் பஞ்சுதான் நினைவுக்கு வந்தது. தினமும் வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டினால் பஞ்சு பூவாக விழும். ஒரு வாரம் விட்டால் எண்ணெயோடு சேர்ந்து இரும்பில் அப்பிக்கொள்ளும். அப்புறம் ஸ்குரூடிரைவரால்தான் சுரண்ட வேண்டும். இது ஒன்றுதான் சரியான கணக்கு. கஞ்சி இல்லை, பஞ்சு. ஆனால் கஞ்சியிலும் யோசிக்க வேண்டியதை நான் யோசிக்காமல் விட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவைச் சும்மா வைத்தால் பூசணம் பிடிக்கிறது, கரப்பான் வருகிறது. அதையும் இருபது வருஷமாகப் பார்க்கிறவன்தான் நான்.

"அப்ப காரை பல்லைப் புடிச்சு நிறுத்தறது இல்லீங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே கேள்வி.

"பல்லை நிறுத்தறது எலும்பும் ஈறும் சார். காரை மேல எப்பவும் புதுசா படலம் ஒட்டிக்கிட்டே இருக்கும். அது கீழ எறங்க எறங்க எலும்பு விலகிப் போகும். காரை ரொம்பக் கட்டினா ரெண்டு பல்லைச் சேத்து ஒட்டின மாதிரி ஆடாம இருக்கலாம். எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆனா ஆட்டத்தை உண்டாக்கினதே அதுதான். சந்தும் அப்படித்தான். காரை அடைச்சிருந்த எடம் காலியாத் தெரியுது, அவ்வளவுதான்."

அதாவது பிட்டர் சொன்னது பொய் இல்லை. அவர் கண்டது கண்டதுதான். எது முதல், எது பின் என்பதைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோம்.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தடவையாக ஈறுக்கு அடி வரைக்கும் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். ஈறு இறுகினால் ஆட்டம் குறையலாம். இடது பல்லுக்கு நம்பிக்கை இருக்கிறது, வலது பல்லைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. இவ்வளவுதான் அவர் கொடுத்த வாக்கு. கூடவே, நாடாவை வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தை நாங்கள் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஒரே நாடாவை ரெண்டு பேரும் வாயில வெக்கிறீங்களா? மொதல்ல அதை நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து நாடாத் துளையில் நூலை இழுக்க மெல்லிய கம்பியை வளைத்து நாலு கொக்கி செய்தேன். தறிக்கு ஒன்று. உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஒரு உறிஞ்சுல முடியற வேலை. இத உட்டு நோண்டறதுக்குள்ள தறி தூங்கிப்போயிருது."

"தூங்கட்டும்."

"தறி தூங்கினா நீங்க எழுப்பி உடுங்க, நான் கொக்கிய வெச்சுக்கிட்டு ஒக்காந்துக்கறேன்."

பல் தேய்க்கும் முறையும் மாறியது. சிவப்புப் பொடி டப்பாவை நானே எடுத்துப் போட்டேன். பொடியில் விஷம் ஒன்றும் இல்லை. ரத்தத்தை அது மறைத்துவிடும் என்பதற்காகத்தான். மெத்தென்ற சின்னப் பிரஷ். பாதி முடி பல்லில், பாதி ஈறு ஓரத்தில் படும்படி சாய்த்து, அழுத்தாமல், இரண்டு பல் இரண்டு பல்லாக நகர்த்த வேண்டும். உள்பக்கமும் அப்படியே. கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டாகப் பிடிக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து படுக்கும் முன் ஒரு தடவை. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுமாம், படலத்துக்கு அது நல்ல காலம். ரத்தம் வந்தாலும் விட்டுவிடக் கூடாது, ரத்தம் வருவதே அங்கே அழுக்கு இருப்பதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் ரத்தம் நின்றபோதுதான் நம்பினாள்.

பல் சந்துக்கு ஒரு நூல் போட்டு எடுக்கச் சொல்லி, டப்பாவிலிருந்து இழுத்துக் காட்டியிருந்தார் டாக்டர். பஸ்ஸிலேயே உங்கள் அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"நூலுக்குப் போயி நாம கடைக்குப் போறதாக்கும்? ஊடு நெறைய நூலு."

தார் நூலை இரண்டு முழம் அறுத்து விரலில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் விட்டாள். பருத்தி நூல் எச்சிலில் ஊதிப் பிசிறு விட்டு, பாதியில் அறுந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அரைநாள் நாக்கால் நெருடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பஞ்சைக் குண்டூசியால் எடுக்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் டாக்டருக்கு போன் செய்தபோது அவர் சிரித்துவிட்டார். இவளுக்குச் சந்து பெரிதாகிவிட்டதால், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, ஆனால் ஊசியளவில் இருக்கும் ஒரு பிரஷ்ஷே போதும் என்று வாங்கச் சொன்னார்.

வீட்டில் பார்த்துக்கொள்ள அந்தச் சாயத்தில் ஒரு சின்னப் பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். அது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் தடவிக்கொண்டு கண்ணாடி முன் நின்றோம். சின்னவனுக்குக் கடைவாய் முழுக்க ரோஸ். "அப்பா, கோயில் நோம்பிக்கு வேசம் போட்ட மாதிரி இருக்குது" என்று பல்லைக் காட்டிக்கொண்டு தெருவுக்கே ஓடப் பார்த்தான். பெரியவளுக்கு ஓரத்தில் மட்டும். அம்மாவுக்கு அன்றைக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. முழுக்க ரோஸாக இருந்த என் வாயைப் பார்த்துத்தான் மூவரும் சிரித்தீர்கள். நான் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தறியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனால் சிரிப்பாகவே போகவில்லை. சுத்தம் செய்த முதல் மாதத்தில் ஆட்டம் கூடியதாகத்தான் தெரிந்தது. பல் நடுவே இடைவெளி. மோர் குடித்தால் கூச்சம். அப்போது பார்த்துப் பிட்டர் வந்தார்.

"நான் சொன்னனா இல்லியா? இப்ப என்னாச்சு? காசைக் குடுத்து ஜன்னல் வெச்சுக்கிட்டு வந்துட்டீங்க."

அவர் போன பிறகு உங்கள் அம்மா ஒரு தறியை நிறுத்தினாள். பிறகு இன்னொன்றை. நாலும் நின்ற பிறகு கூடத்தில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. உதட்டசைவில் பேசக்கூடிய விஷயமாக அவளுக்கு அது படவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க, அந்த ஊசிப் பிரஷ்ஷ உடறப்ப எல்லாம் பல்லு அசையுது. நானே உலுப்பி உட்டுக்கறனோன்னு இருக்குது. நிறுத்திப் போட்டா இருக்கறதாவது இருக்குமுங்களா?"

முன்பு ஒரு தடவை இதே மாதிரிக் கேள்விக்கு நான் உடனே பதில் வைத்திருந்தேன். இந்தத் தடவை "எனக்குத் தெரியல அம்மிணி" என்றேன். "தெரியாததச் சொல்ல மாட்டேன். அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவுங்க நிறுத்தச் சொன்னா நிறுத்து."

"அதயே அன்னிக்கும் சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு தறியைப் போட்டாள். சத்தம் எழுந்துவிட்டது. அன்று மாலை பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள், நிறுத்தவில்லை.

மூன்று மாதம் முடிந்து போனோம். டாக்டர் கம்பியை இறக்கி எண் சொன்னார். பெரும்பாலும் மூன்றுக்குள் வந்திருந்தது. ஈறு வெளுத்து இறுகியிருந்தது. இடது பல் முன்பு ஆடிய ஆட்டத்தில் பாதிகூட இல்லை. "இது நிக்கும். பின்பக்கம் மெல்லிசா ஒரு கம்பி ஒட்டிப் பக்கத்துப் பல்லோட சேத்து விடறேன்" என்றார். வலது பல்லுக்கு அவர் கம்பியை இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். அதைச் சுற்றி எலும்பே மிஞ்சவில்லை. வைத்திருந்தால் இடது பல்லையும் கெடுக்கும், எடுத்துவிடலாம் என்றார்.

உங்கள் அம்மா கேட்டது ஒன்றுதான். "இத எடுத்தா அது தங்குமுங்களா?"

"தங்க வாய்ப்பு அதிகம். இப்ப பாத்துக்கற மாதிரியே பாத்துக்கணும்."

"எடுத்துருங்க."

ஊசி போட்ட பிறகு பல்லை எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் அதிகம் இழுத்த மாதிரியே தெரியவில்லை. ஸ்டீல் தட்டில் 'டக்' என்று வைத்தார். எனக்குப் பல்லை அதற்கு முன் வேரோடு பார்த்த நினைவில்லை. மேலே வெள்ளையாகச் சின்னதாக இருந்தது. வேரில் பாதிக்கு மேல் கறுப்பும் பழுப்புமாகப் பழைய காரையின் தடம், சொரசொரப்பாக. அவ்வளவு ஆழம் வரை கல் அப்பிக் கிடந்திருக்கிறது. சதை பிடித்திருந்த அடையாளம் வேரின் நுனியில் மட்டும், விரல் நகத்தின் ஓரமளவுக்கு.

உங்கள் அம்மா பஞ்சைக் கடித்திருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தட்டைக் கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு டாக்டர் கைகழுவப் போன சமயத்தில் பஞ்சோடு சேர்த்து, பாதி உதட்டாலும் பாதிச் சத்தத்தாலும் கேட்டாள்.

"இதத்தானுங்களா பல்லப் புடிச்சு நிக்குதுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. விலைக்கு வாங்கிய பொருளில் பழுதைக் கண்டவள் மாதிரி இன்னொரு தடவை பல்லைப் பார்த்துவிட்டுத் தட்டை என் கையில் கொடுத்தாள். டாக்டர் திரும்பி வந்தார். கட்டுப் பல் பிறகு வைக்கலாம், இடது பல்லுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரை நிறுத்தி, "டாக்டரம்மா, அன்னிக்கு அக்கம்பக்கத்துல சொன்னாங்கன்னு இவ சொன்னா இல்லீங்களா. அது நாந்தானுங்க" என்றேன்.

டாக்டர் உங்கள் அம்மாவைப் பார்த்தார். அவள் பஞ்சைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு, அந்த நாற்காலியை எனக்குக் காட்டினாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அவள் அசையவில்லை. ஏறி உட்கார்ந்தேன். விளக்கை என் வாய்ப் பக்கம் திருப்பினார்கள். டாக்டர் கம்பியை எடுத்துக்கொண்டு முதல் எண்ணைச் சொன்னார். ஐந்து.